பதினான்கு மூட்டை விதைநெல்

அந்த ஊரின் ஒற்றுமையைப் பற்றி யாராவது என் எதிரில் பேச ஆரம்பித்தால் நான் எழுந்து வெளியே போய்விடுவேன். பேசுகிறவர்களில் பாதிப் பேர் அன்றைக்குக் கரைப்பக்கமே வராதவர்கள். நான் இருந்தேன். உடைப்பை அடைக்க நின்ற வரிசையில் நடுவில் எங்கோ ஓர் ஆளாக, முழங்கால் வரை சேற்றில், மூட்டை வாங்கிக் கொடுத்துக்கொண்டு நின்றேன். வெள்ளத்தில் ஊரே கைகோத்து நின்றது என்று இன்றைக்கும் சொல்லிக்கொள்கிறார்கள். கைகோத்தது உண்மைதான். அந்தக் கைகள் எதைத் தூக்கின என்பதை மட்டும் ஒருவரும் சொல்வதில்லை.

நான் அங்கே பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்தேன். வெளியூர்க்காரன். விதைக்காரி என்று ஊர் அழைத்த அக்காவின் வீட்டு முன்னறையில் குடியிருந்தேன். அக்காவுக்கு அந்தப் பெயர் சும்மா வரவில்லை. சுற்றுவட்டாரத்தில் யாருக்கு விதைநெல் வேண்டுமென்றாலும் அவர் வாசலில்தான் வந்து நிற்க வேண்டும். அவருடைய வீட்டுக்காரருக்குத் தனியாகப் பெயரே கிடையாது. ஊரில் அவர் ‘விதைக்காரி வீட்டுக்காரர்’. அந்தக் கேலியைக் கேட்டால் மனிதர் சிரித்துக்கொள்வார். அதிகம் பேசாதவர்.

விதைநெல் என்றால் களத்தில் கிடக்கும் நெல்லை அள்ளிக் கட்டி வைப்பது என்று நானும் நினைத்திருந்தேன். அக்கா கதிர் முற்றும்போதே வயலுக்குள் இறங்கி, வரப்பு வரப்பாக நடந்து, மாற்று ரகக் கதிர் ஒன்று கண்ணில் பட்டாலும் பிடுங்கி எறிவார். அறுத்ததை இயந்திரத்தில் கொடுக்க மாட்டார். மணியில் விரிசல் விழுந்துவிடுமாம். கையால்தான் அடிக்க வேண்டும். காலை வெயிலில் காய வைத்து, உச்சி வெயில் ஏறுமுன் பாயோடு சுருட்டி நிழலுக்கு இழுத்துவிடுவார். ஒரு மணியைப் பல்லில் வைத்துக் கடிப்பார். ‘டக்’ என்று உடைந்தால்தான் மூட்டை கட்ட அனுமதி. கட்டிய மூட்டைகள் ஆற்றுக்கரையை ஒட்டிய மேட்டுக் கொட்டகையில், தரையில் படாமல் பலகை மேல் அடுக்கப்படும். ஈரக் காலோடு யாரும் உள்ளே போகக் கூடாது. சொந்த வீட்டுக்காரரே காலைத் துடைத்துக்கொண்டு, கூப்பிடும் வரை வாசலில் நிற்பார்.

அந்த வருஷம் பதினான்கு மூட்டை இருந்தது. குத்தகை நிலம் அது. ஒரு பருவம் நடவு இல்லாமல் கிடந்தால் நிலத்துக்காரர் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார். பிறகு புருஷனும் பெண்டாட்டியும் நகரத்தில் மகன் வீட்டுக்குப் போய், மருமகள் காட்டுகிற மூலையில் படுக்கையை விரிக்க வேண்டியதுதான். மகன் ஏற்கெனவே கூப்பிட்டுக்கொண்டிருந்தான். “அங்க போய் நாலு சுவத்தப் பாத்துக்கிட்டு உக்காந்தா எனக்குப் பைத்தியம் புடிச்சிரும்” என்று அக்கா என்னிடம் சொல்லியிருக்கிறார். ஆக, அந்தப் பதினான்கு மூட்டைதான் அவர்களை அந்த ஊரில் பிடித்து வைத்திருந்தது.

மழை ஐந்து நாள் விடாமல் பெய்தது. ஆறாம் நாள் ஆறு கரையின் தலையைத் தொட்டுவிட்டது. பள்ளமான தெருக்களில் இருந்தவர்கள் எல்லோரும் பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட்டார்கள். நூற்றிருபது பேர். அக்கா விடிந்ததும் தன் வீட்டுப் பெரிய பாத்திரத்தைத் தலையில் தூக்கி வந்து, சமையல் கொட்டகையில் அடுப்பு மூட்டிக் கஞ்சி காய்ச்ச ஆரம்பித்தார். ஈர விறகு. புகையில் அவர் கண் இரண்டும் பழமாகச் சிவந்திருந்தன. யாரும் கேட்டு அவர் வரவில்லை.

மதியம் இரண்டு மணிக்குக் கரை உடைந்தது. முதலில் ஒரு ஆள் அகலம், கொஞ்ச நேரத்தில் மாட்டு வண்டி நுழைகிற அகலம். பள்ளிக்கூட மணியை விடாமல் அடித்தார்கள். ஆண், பெண் என்றில்லாமல் எல்லோரும் ஓடினோம். அடுப்படியில் அக்கா மட்டும் இருந்தார். கொத்தனார்தான் முன்னால் நின்று வேலையை வகுத்தார். கட்டை அடிக்கிறவர்கள் உடைப்பில். மண் வெட்டிச் சாக்கில் போடுகிறவர்கள் விதைக் கொட்டகைக்குப் பின்னால் இருந்த மேட்டில். நடுவில் அறுபது பேர் வரிசை. சாக்கை நிறைக்கக் கூடாது. பாதிதான் போட வேண்டும், அப்போதுதான் அது அமர்ந்து படுக்கும் என்றெல்லாம் அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டேன். “பாக்காத, வாங்கு, குடு. பாக்காத, வாங்கு, குடு” என்று கொத்தனார் கத்திக்கொண்டே மேலும் கீழும் நடந்தார். வரிசையில் ஒரு ஆள் நின்றால் அறுபது பேரும் நிற்க வேண்டும். அந்த ஊரில் அதைவிடக் கேவலம் வேறு கிடையாது.

எனக்கு முன்னால் நின்றவர் விதைக்காரி வீட்டுக்காரர். அவர் கையிலிருந்து வாங்கி நான் தையல்காரரிடம் கொடுப்பேன். முதல் ஒரு மணி நேரம் என்னை எல்லோரும் கேலி செய்தார்கள், சாக்பீஸ் பிடித்த கை என்று. பிறகு கேலி செய்யவும் மூச்சில்லை. நான்கு மணி இருக்கும். உடைப்பு ஏறக்குறைய அடைபட்டுவிட்டது. மேலே இரண்டு அடுக்கு பாக்கி. அந்த நேரம் பார்த்து மேட்டில் மண் தீர்ந்துவிட்டது. வெட்ட வெட்டச் சகதிதான் வந்தது. வரிசை கொஞ்ச நேரம் வெறும் கையோடு நின்றது. கொட்டகைப் பக்கம் கடப்பாரை விழும் சத்தம் கேட்டது. பிறகு மறுபடி மூட்டை வர ஆரம்பித்தது.

மூட்டையின் கனம் மாறியிருந்தது. நீரில் ஊறிய மண் கையில் தொய்யும். இது திண்டு போல இருந்தது. மூன்றாவது மூட்டை வந்தபோது அவர் அதை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றுவிட்டார். ஒரு கணம்தான். மழை அவர் முகத்தில் வழிந்தது. பின்னாலிருந்து கத்தினார்கள். நான் கையை நீட்டிக்கொண்டு, “என்னண்ணே, குடுங்க” என்றேன். கொடுத்தார். சாக்கின் கிழிந்த மூலையிலிருந்து நாலைந்து நெல்மணி என் மணிக்கட்டில் ஒட்டியது. பார்த்தேன். மழை அதைக் கழுவிக்கொண்டு போயிற்று. நான் மூட்டையைத் தையல்காரரிடம் கொடுத்தேன். அதற்குப் பிறகு பதினொரு மூட்டை வந்தது. பதினொன்றையும் வாங்கினேன், கொடுத்தேன்.

உடைப்பு நின்றது. ஜனங்கள் ஒருவரையொருவர் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். ஊர்த் தலைவர், வேட்டியெல்லாம் சேறாக, கொத்தனாரைத் தோளில் தட்டினார். எல்லோரும் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பி, அக்கா காய்ச்சிய கஞ்சியை அக்கா கையாலேயே வாங்கிக் குடித்தோம். ஒருவரும் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானும்தான்.

மறுநாள் காலை மழை விட்டிருந்தது. அக்கா கொட்டகையைப் பார்க்கப் போனவர், அரை மணி நேரத்தில் திரும்பி வந்தார். கையில் உடைந்த பூட்டு. நேராகப் பள்ளிக்கூடத்தில் கஞ்சி குடித்துக்கொண்டிருந்த கொத்தனாரிடம் போய் அதை அவர் டம்ளருக்குப் பக்கத்தில் வைத்தார். உள்ளே மணல் மூட்டை என்று நினைத்துவிட்டதாகக் கொத்தனார் சொன்னார். முப்பது வருஷமாக அந்தக் கொட்டகையில் நெல்லைத் தவிர என்ன இருந்திருக்கிறது என்று அக்கா கேட்டார். அவசரத்தில் ஒன்றும் ஓடவில்லை என்றார் அவர். வரிசையில் நின்றவர்களும் ஒவ்வொருவராக, இருட்டிக்கொண்டு வந்தது, மழை, மண் என்றுதான் நினைத்தோம் என்றார்கள். நடக்கப் பழகிய நாளிலிருந்து நெல்லில் புரண்ட கைகள் அவை. கண்ணைக் கட்டிவிட்டாலும் எந்த ரகம் என்று தடவிச் சொல்லக்கூடியவர்கள். ஒருவருக்கும் தெரியவில்லையாம்.

ஊர்த் தலைவர் எழுந்து வந்து, ஊருக்காகப் போனதாக நினைத்துக்கொள்ளச் சொன்னார். ஊரே நன்றிக்கடன் பட்டிருக்கிறது என்று கையெடுத்துக் கும்பிட்டார். அக்கா அவரைத் தாண்டித் தன் வீட்டுக்காரரைப் பார்த்தார்.

“உங்க கைக்குமா தெரியல?”

அவர் தலை குனிந்தபடி, “தெரிஞ்சுது” என்றார்.

“எத்தனாவது மூட்டையில?”

“மூணாவதுல.”

“அப்ப மிச்சம் பதினொண்ணையும் தெரிஞ்சேதான் எடுத்துக் குடுத்திருக்கீங்க.”

“நிறுத்தியிருந்தா வரிசை அறுந்திருக்கும். தண்ணி அந்த நெலமையில இருந்துச்சு. பின்னாடி அம்பது பேரு கத்துறாங்க. அதுல நின்னு, இது என் நெல்லுன்னு எப்படிச் சொல்றது?”

“வாயாலதான்” என்றார் அக்கா. அதோடு அவரிடம் பேசுவதை நிறுத்திவிட்டார்.

நேராகக் கரைக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன். அவருடைய மூட்டைகள் கடைசியாகப் போனதால் மேல் இரண்டு அடுக்கில் இருந்தன. தண்ணீர் அரையடி இறங்கியிருந்தாலும் இன்னும் அவற்றில் முட்டிக்கொண்டுதான் நின்றது. அக்கா ஒரு சாக்கின் நெசவைப் பிளந்து இரண்டு விரலை உள்ளே விட்டு நாலு மணியை எடுத்தார். ஊறி உப்பியிருந்தது. விதைநெல்லை ஊற வைத்து, நீரை வடித்து, மூடி வைத்து முளை கட்டித்தான் நாற்றங்காலில் தெளிப்பார்கள் என்பது எனக்குத் தெரியும். அந்த வேலையை இங்கே ஆறு செய்துகொண்டிருந்தது. நாளைக்குக் காலையில் முளை எட்டிப் பார்க்கும், அப்போதே எடுத்துத் தெளித்துவிட்டால் பாதிக்கு மேல் தேறும் என்றார் அக்கா. ஒரு நாள் தாண்டினால் உள்ளே சூடேறி, வேர் ஒன்றோடொன்று பின்னி, மாட்டுக்குப் போடக்கூட ஆகாதாம்.

அவர் கேட்டது ஒன்றே ஒன்று. ஒரு மண் மூட்டை வைத்துவிட்டு ஒரு நெல் மூட்டை எடுக்க வேண்டும். பதினான்குக்குப் பதினான்கு. வரிசை நின்றால் ஒரு மணி நேர வேலை.

அன்று முழுக்க வீடு வீடாக ஏறி இறங்கினார். டீக்கடைக்காரருக்குக் கடைக்குள் முழங்கால் சேறு. தையல்காரர் மிஷினைப் பிரித்து வெயிலில் பரப்பிக்கொண்டிருந்தார். கொத்தனாருக்கு முதுகு பிடித்துவிட்டது, படுத்தபடியே பேசினார். பால்காரர் வீட்டில் நாளைக்குப் பார்க்கலாம் என்றார்கள். பொய்க் காரணம் சொன்னவர்கள் ரொம்பப் பேர் இல்லை, அதையும் சொல்ல வேண்டும். எல்லோருக்கும் தலைக்குமேல் வேலை இருந்தது. ஆனால் முந்தின நாள் அத்தனை வேலையையும் போட்டுவிட்டுப் பத்து நிமிஷத்தில் கரைக்கு வந்தவர்களும் இவர்கள்தான்.

ஊர்த் தலைவர் மட்டும் மறுத்துப் பேசினார். மேலே இன்னும் மழை இருக்கிறதாம். பத்து நாள் போனால் தண்ணீர் வடியும், அதுவரை உடைப்பில் யாரும் கை வைக்கக் கூடாது, கரை பொதுச் சொத்து என்றார்.

“கரை பொதுதான். மூட்டை?” என்று கேட்டார் அக்கா.

கை வைக்கக் கூடாது என்று அவர் மறுபடி சொன்னார்.

மூன்றாம் நாள் விடிந்ததும் நான் மண்வெட்டியோடு அக்காவுடன் போனேன். வீட்டுக்காரர் எங்களுக்கு முன்பே அங்கே இருந்தார். தூரத்து மேட்டிலிருந்து மண் சுமந்து வந்து, தனியாக இரண்டு மூட்டை கட்டி முடித்திருந்தார். அக்கா அவரைப் பார்க்காமல் சாக்கைப் பிரித்துப் பிடித்தார். அவர் மண்ணைப் போட்டார். மூவருமாக ஒன்பது மணிக்குள் ஆறு மூட்டை கட்டினோம். என் உள்ளங்கை இரண்டும் கொப்புளம். எட்டு மூட்டை இன்னும் வேண்டும். இப்படியே போனால் பொழுது சாய்ந்துவிடும். அக்கா கரைமேல் ஏறி ஒரு சாக்கில் விரலை விட்டார். வெளியே எடுத்த மணியின் நுனியில் வெள்ளையாக முளை. சாக்குக்குள் கை வைக்க முடியாத சூடு என்றார்.

அதற்குள் யாரோ சொல்லி ஊர்த் தலைவர் நாலு ஆட்களோடு வந்துவிட்டார். கரையை விட்டு இறங்கச் சொன்னார். அக்கா இறங்கவில்லை. குனிந்து மேல் அடுக்கின் நடு மூட்டையின் காதைப் பிடித்து இழுத்தார். ஊறிப்போய் இரண்டு மடங்கு கனத்தில் இருந்தது அது. வீட்டுக்காரர் ஓடிப் போய் மறு காதைப் பிடித்தார். இருவரும் இழுத்துக் கரையின் இந்தப் பக்கம் சரித்தார்கள். அதன் கீழே இருந்ததையும் இழுத்தார்கள். அந்த இடைவெளியில் ஆறு முதலில் கசிந்தது. பிறகு ஒரு முழ அகலத்துக்கு, பழுப்பாக, சத்தத்தோடு கொட்ட ஆரம்பித்தது.

நாங்கள் கட்டிய ஆறு மண் மூட்டைகள் பக்கத்திலேயே இருந்தன. அக்கா அவற்றைத் தொடவில்லை. எடுத்த நெல் மூட்டைமேல் உட்கார்ந்துகொண்டார்.

“எடுத்த எடத்துல அதை வை” என்று ஊர்த் தலைவர் கத்தினார்.

“வைக்க மாட்டேன். அங்க மண்ணு மூட்டை ஆறு இருக்கு, வச்சு அடைங்க. நீங்க ஒண்ணு வைக்க வைக்க நான் ஒண்ணு எடுப்பேன். ஆறு பத்தாது. இன்னும் எட்டு வேணும். ஆளக் கூப்புடுங்க.”

பள்ளிக்கூட மணி அடித்தது.

அன்றைக்கு அவர்கள் வந்த வேகத்தை நான் எண்ணிப் பார்த்தேன். வேறு வேலை எனக்கு ஓடவில்லை. ஏழு நிமிஷம். டீக்கடைக்காரர் சேற்றோடு வந்தார். தையல்காரர் கையில் திருப்புளியோடு வந்தார். கொத்தனார் ஓடி வந்தார், நிமிர்ந்த முதுகோடு. வந்ததும் தானாகவே மேட்டிலிருந்து கரை வரை வரிசை நின்றுவிட்டது. ஒவ்வொரு மண் மூட்டை அமர்ந்ததும் அக்கா அடுத்த நெல் மூட்டையை இழுத்தார். வாயைத் திறந்தவர்களெல்லாம் அவரைத் திட்டினார்கள். பிசாசு என்றார்கள், ஊரைக் கெடுக்க வந்தவள் என்றார்கள். கை மட்டும் நிற்கவில்லை. முக்கால் மணி நேரத்தில் பதினான்கும் வெளியே வந்தன. பதினான்கு மண் மூட்டை உள்ளே போயின. கரை முன்னைவிடக் கெட்டியாக நின்றது.

அதன் பிறகுதான் ஊர்த் தலைவர் பேசினார். ஊரையே மூழ்கடிக்கப் பார்த்தாயே, உனக்கு மனசாட்சி இருக்கிறதா என்று எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டார்.

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “முந்தாநாள் என் மூட்டை போனப்ப நம்ம ஊரு, நம்ம கரைன்னீங்க. நேத்து வீடு வீடா வந்து கெஞ்சினேன். அப்ப அது என் நெல்லு, என் பாடு. இன்னைக்கு உங்க வாசலுக்குத் தண்ணி வரும்னதும் மறுபடியும் நம்ம ஊரு ஆயிருச்சு. இதுல நான் எப்ப ஊரு, எப்ப வெளியாளுன்னு நீங்களே சொல்லிருங்க. நான் அதும்படி நடந்துக்குறேன்.”

“நெல்லுன்னு தெரிஞ்சிருந்தா தொட்டிருப்போமா?” என்றார் கொத்தனார். பின்னால் எல்லோரும் அதையே முணுமுணுத்தார்கள். தெரியாமல் நடந்தது, தெரியாமல் நடந்தது என்று.

“எனக்குத் தெரியும்” என்றார் விதைக்காரி வீட்டுக்காரர்.

அவர் குரலை அத்தனை பேர் நடுவில் கேட்டது அதுதான் முதல் தடவை. “மூணாவது மூட்டையிலயே தெரியும். எனக்குத் தெரிஞ்சா உங்க எல்லாருக்கும் தெரியும். தெரிஞ்சுதான் குடுத்தோம். அதையாவது அவகிட்டச் சொல்லிட்டுப் போங்க.”

டீக்கடைக்காரர் தரையைப் பார்த்தார். தையல்காரருக்கு மிஷின் ஞாபகம் வந்துவிட்டது. ஒருவர் பின் ஒருவராக இறங்கிப் போனார்கள். ஊரில் எல்லோருடைய நாற்றும் வயலிலேயே அழுகிக் கிடந்தது. இன்னும் இருபது நாளில் நாற்றுக் கேட்டு யார் யார் அந்த வாசலில் வந்து நிற்பார்கள் என்று எனக்கு அப்போதே தெரிந்தது, அவர்களுக்கும் தெரிந்திருக்கும். அப்போதும் ஒரு வாய்கூடத் திறக்கவில்லை.

பதினான்கில் ஐந்து மூட்டை பிரிக்கும்போதே புளித்து நாறியது. ஒன்பது தேறியது. கொட்டகையைச் சுற்றியிருந்த மேட்டு நிலத்தில் நானும் வீட்டுக்காரரும் சேற்றைக் கலக்கிச் சமன் செய்தோம். அக்கா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, பின்னோக்கி நடந்தபடி, கைப்பிடி கைப்பிடியாக முளை நெல்லைத் தெளித்தார். ஒரு மணிமேல் இன்னொரு மணி விழாமல் விசிறுவது கண்ணால் பார்த்தால்கூட வராத வித்தை. தெளித்து முடிக்க மதியம் தாண்டிவிட்டது. கடைசிப் பிடி போனதும் வரப்பில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதார். பிறகு எழுந்து போய் டீ போட்டுக் கொண்டுவந்தார்.

முதல் டம்ளரைத் தன் வீட்டுக்காரர் பக்கத்தில் வைத்தார். “ஆறிரப் போகுது, குடிங்க” என்றார். இரண்டு நாளில் அவரிடம் பேசிய முதல் வார்த்தை அது. இரண்டாவது டம்ளரை என்னிடம் நீட்டினார்.

“வாத்தியாரே, இந்த ஊர்ல என் கூட வந்து மண்ணு அள்ளுனது நீங்க ஒருத்தர்தான். நீங்களும் அந்த வரிசையில நின்னவருதான். ஆனா உங்களச் சொல்லிக் குத்தமில்ல. வெளியூர்க்காரரு, கைக்கு நெல்லு எது மண்ணு எதுன்னு எங்க தெரியப் போவுது?”

விதைக்காரி வீட்டுக்காரர் டம்ளரை வாயருகில் கொண்டுபோனவர், நிறுத்தி என்னைப் பார்த்தார். மூன்றாவது மூட்டையை அவர் நெஞ்சிலிருந்து வாங்கியவன் நான். என்னண்ணே, குடுங்க என்று கை நீட்டியவன். அவர் டீயைக் குடிக்காமல் டம்ளரைக் கீழே வைத்தார்.

நான் டம்ளரை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.

“ஆமாக்கா, எனக்கு எங்க தெரியும்” என்றேன்.